சேர்வராயன் அழைக்கும் காலம்

மலைமீது கோயில் கொண்ட தெய்வங்களைத் தேடி நடப்பது நம் முன்னோர் வகுத்த வழி. குன்றுள்ள இடமெல்லாம் குமரனுக்கு உரியது என்பார்கள். சிவனுக்குக் கயிலை, திருமாலுக்கு வேங்கடம். பேருந்தும் காரும் சன்னிதி வாசல்வரை செல்லும் இந்நாளிலும், கடைசிச் சில மைல்களையாவது காலால் கடந்து தரிசிக்க வேண்டும் என்ற ஆவல் நம் தலைமுறையினரிடம் குறையவில்லை. அந்த ஆவலோடு புறப்படும் பெரியோர்கள் பலரும் பயணத்திற்கு நாள் பார்க்கிறார்கள், நட்சத்திரம் பார்க்கிறார்கள், இராகு காலம் பார்க்கிறார்கள். ஆனால் மலையின் குளிரைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள்.

மலைக்கோயில்களின் நாட்காட்டியைச் சற்று உற்று நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். கேதார்நாத் ஆலயம் அட்சய திருதியையை ஒட்டித் திறக்கப்பட்டு, தீபாவளியை அடுத்த யமத் துவிதியையன்று அடைக்கப்படுகிறது. பனிக்காலம் முழுவதும் கேதாரநாதரின் உற்சவத் திருமேனி கீழே ஊக்கிமட்டில் எழுந்தருளியிருக்கிறது. இறைவனே குளிருக்கு முன்பாக மலையிறங்கி, வெயில் வந்த பிறகு மலையேறுகிறான்! நம் சேலம் மாவட்டத்தின் சேர்வராயன் மலையிலும் இதே அறிவு வேறு வடிவில் விளங்குகிறது. அங்கே ஆண்டுத் திருவிழா நடைபெறுவது மே மாதத்தில். மலைவாழ் மக்கள் பன்னெடுங்காலமாகக் காத்துவரும் இந்த ஒழுங்கில், நெடுந்தூரம் மலையேற விழையும் முதியோருக்கு ஒரு நல்ல பாடம் இருக்கிறது.

சேர்வராயன் சன்னிதி

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சுமார் 30 கிலோமீட்டர் சென்றால் ஏற்காடு. ஏரியும் காடும் சேர்ந்து ஊருக்குப் பெயர் தந்தன என்பர். ஏரிக்கரையிலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவில், கடல் மட்டத்திலிருந்து 1,623 மீட்டர் உயரத்தில் சேர்வராயன் கோயில் அமைந்துள்ளது. வானளாவிய கோபுரமும் நீண்ட பிராகாரமும் கொண்ட கோயில் அன்று. குறுகிய, இருண்ட குகையே கருவறை. குனிந்து சென்றால் சேர்வராயப் பெருமானும் காவேரி அம்மனும் காட்சி தருகிறார்கள். மலையும் நதியும் இங்கே தெய்வத் தம்பதியாக வீற்றிருப்பதாகவே மக்கள் வழிபடுகிறார்கள்.

மலையாளி என்று அழைக்கப்படும் இம்மலைவாழ் மக்கள் தமிழ் பேசுபவர்கள், கேரளத்தோடு தொடர்பில்லாதவர்கள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பியர் என்றும், அவர்களுள் மூத்தவரான பெரியண்ணன் சேர்வராயன் மலையில் குடியேறினார் என்றும் அவர்களிடையே வழிவழியாக ஒரு கதை வழங்குகிறது. திருவிழா நாட்களில் சுற்றிலும் உள்ள மலைக்கிராமங்களிலிருந்து அவர்கள் திரண்டு வருவதைக் காணக் கண் கோடி வேண்டும்.

கோயில் அமைந்த உச்சி, மரங்கள் அடர்ந்த சோலையன்று. புல் படர்ந்த திறந்த வெளி. கோடையில் அங்கே வீசும் தென்றல் உடலுக்கு இதமளிக்கும். அதே காற்று மார்கழியில் எலும்பைத் துளைக்கும்.

குளிரின் கணக்கு

வங்கியில் கணக்கு எழுதியே தலை நரைத்தவன் என்பதால் எதையும் எண்களால் பார்ப்பது என் பழக்கம். மேலே செல்லச் செல்லக் காற்று குளிர்ந்துகொண்டே போகும். தோராயமாக 1,000 மீட்டருக்கு 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்பது வானிலை அறிஞர்கள் சொல்லும் சராசரி. சேலம் நகரம் சுமார் 278 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து சேர்வராயன் உச்சி 1,345 மீட்டர் உயரம். அப்படியானால் வெப்பநிலையில் ஏறத்தாழ 9 டிகிரி வேறுபாடு. தை மாத விடியலில் சேலத்தில் 20 டிகிரி என்றால், உச்சியில் 11 டிகிரி. சேலத்து வீட்டில் மெல்லிய போர்வை போதுமென்று எண்ணுபவர், அந்தப் போர்வையோடு அங்கே நின்றால் என்ன ஆவது?

கணக்கு இத்துடன் முடியவில்லை. காற்று வீசினால் உடல் உணரும் குளிர் இன்னும் கூடும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் 11 டிகிரி குளிர், 8 டிகிரி போலத் தோன்றும். உடுத்த துணி நனைந்திருந்தால் நிலைமை மேலும் கெடும். உலர்ந்த காற்றைவிடத் தண்ணீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே வறண்ட 10 டிகிரியைக் காட்டிலும், மழையும் காற்றும் கலந்த 15 டிகிரி முதியவருக்கு அதிகக் கெடுதல் செய்யக்கூடும்.

மற்றொரு செய்தியும் உண்டு. காற்றில்லாத தெளிந்த இரவில் குளிர்காற்று நீர்போல வழிந்து பள்ளங்களில் தேங்கும். ஏரிக்கரையும் பள்ளத்தாக்கும் சில விடியல்களில் மலைச்சரிவைவிடக் குளிர்ந்திருப்பதற்கு அதுவே காரணம். தங்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இதை நினைவில் கொள்வது நலம்.

ஆறு பருவங்களும் ஒரு தேர்வும்

நம் முன்னோர் ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்தனர். தொல்காப்பியம் குறிஞ்சி நிலத்திற்குரிய பெரும்பொழுதாகக் கூதிரையும் முன்பனியையும், சிறுபொழுதாக யாமத்தையும் வகுத்தது. மலை என்றாலே குளிரும் நள்ளிரவும் அவர்கள் நினைவுக்கு வந்தன. இந்தப் பருவங்களைக் கொண்டே நம் பயணத்தையும் திட்டமிடலாம்.

ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் காலம். வடகிழக்குப் பருவமழை பெய்யும் நாட்கள் இவை. பாதை வழுக்கும், மேகம் தரையில் இறங்கி எதிரே வருபவரை மறைக்கும். 2024ஆம் ஆண்டு டிசம்பர்த் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையால் மண் சரிந்து, ஏற்காடு மலைப்பாதையில் போக்குவரத்தே நிறுத்தப்பட்டது. இந்த இரு மாதங்களிலும் முதியோர் மலைநடையைத் தவிர்ப்பதே முறை.

மார்கழியும் தையும் முன்பனி. ஆண்டின் மிகக் குளிர்ந்த நாட்கள் இவையே. தைப்பூசத்திற்குப் பழனிக்குப் பாதயாத்திரை செல்வோர் இலட்சக்கணக்கில் உள்ளனரே என்று கேட்கலாம். அந்த நெடும்பயணம் சமவெளிச் சாலையில் நடப்பது; இறுதியில் ஏறும் குன்றும் சுமார் 150 மீட்டர் உயரமே. சமவெளியில் தாங்கக்கூடிய தைப்பனி, 1,600 மீட்டர் உயரத்தில் வேறு முகம் காட்டும்.

மாசியும் பங்குனியும் பின்பனி. இரவில் பனி இருந்தாலும் பகல் வறண்டு இதமாக இருக்கும். மாசியின் பிற்பாதியிலிருந்து நடைப்பயணத்தை எண்ணலாம். பங்குனியில் முதல் மழை விழுந்த சில நாட்களில் காபித் தோட்டங்கள் வெண்பூ பூத்து மல்லிகை போல மணக்கும் அழகே அழகு. காய்ந்த புல் தீப்பற்றும் காலமும் இதுவே ஆதலால், வழியில் கற்பூரம் ஏற்றுவதைத் தவிர்த்துச் சன்னிதியில் மட்டும் ஏற்ற வேண்டும்.

சித்திரையும் வைகாசியும் இளவேனில். சேர்வராயன் அழைக்கும் காலம் இதுதான். பகலில் மிதமான வெயில், இரவில் ஒரு கம்பளிக்கு அடங்கும் குளிர். பிற்பகலில் இடியுடன் கோடைமழை வரக்கூடும். அதற்கு முன் தரிசனம் முடித்துத் திரும்பிவிட வேண்டும். அவ்வளவே. திருவிழா நெரிசல் ஒவ்வாதவர்கள் அதற்குச் சில நாட்கள் முன்போ பின்போ செல்லலாம்.

ஆனி முதல் புரட்டாசி வரை தென்மேற்குப் பருவக்காற்றும் தூறலும் மாறிமாறி வரும். வெப்பநிலை மிகவும் தாழாவிட்டாலும், ஈரமும் காற்றும் சேர்ந்திருக்கும் காலம் இது. இந்த மாதங்களில் வாகனத்தில் சென்று தரிசிப்பது போதும்.

முதிய உடலின் இயல்பு

நம் உடலின் உள்வெப்பம் சுமார் 37 டிகிரி. அது 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் ஆபத்தின் தொடக்கம் என்கிறது மருத்துவம். இளைஞனுக்குக் குளிர்ந்தால் உடல் உடனே நடுங்கி வெப்பத்தை உண்டாக்கும். தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கி உள்வெப்பத்தைக் காக்கும். வயது ஏற ஏற இந்த இரண்டும் மந்தமாகின்றன. எல்லாவற்றையும்விடக் கவலைக்குரியது, குளிர்கிறது என்ற உணர்வே மழுங்கிவிடுவது. நீரிழிவால் பாதம் மரத்தவர்களும், தைராய்டு சுரப்பு குறைந்தவர்களும் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். குளிரில் இரத்த அழுத்தம் உயரும். மலையேற்றத்தோடு அதுவும் சேர்ந்து இதயத்திற்குச் சுமையாகும். இரத்த அழுத்த மாத்திரைகளில் சில வகை கைகால்களை மேலும் சில்லிடச் செய்யும். அதற்காக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. புறப்படும் முன் மருத்துவரிடம் கேட்டுத் தெளிய வேண்டும்.

எங்கள் தெருவில் வசிக்கும் பெரியவர் ஒருவர், எழுபதைக் கடந்தவர், சில ஆண்டுகளுக்கு முன் மார்கழியில் சேர்வராயனைத் தரிசிக்க நேர்ந்துகொண்டார். விடியும் முன்பே ஏற்காடு சேர்ந்து, பச்சைத் தண்ணீரில் நீராடி, ஈர வேட்டியோடும் வெறும் வயிற்றோடும் நடக்கத் தொடங்கினார். உடன் சென்ற மகளும் மருமகனும் தடுத்துப் பார்த்தனர். “வேண்டுதலில் குறை வைக்கலாமா?” என்றார் அவர். உச்சியை அடைவதற்குள் உடல் வெடவெடவென்று நடுங்கியது. சற்று நேரத்தில் நடுக்கம் நின்றது. ‘அப்பாவுக்குக் குளிர் விட்டுவிட்டது’ என்று மகள் ஆறுதல் அடைந்தாள். ஆனால் அவரால் தேங்காய்ப் பையின் முடிச்சை அவிழ்க்க முடியவில்லை, பேச்சு குழறியது, மகளையே யாரென்று கேட்டார்.

வழியில் கண்ட மலைவாழ் மூதாட்டி ஒருவர் அவர்களைத் தம் வீட்டிற்கு அழைத்துச் சென்றார். ஈரத்துணியை அகற்றச் சொல்லிக் கம்பளி போர்த்தி, அடுப்பருகே அமர்த்தினார். பெரியவருக்கு நினைவு தெளிந்த பின்பு வெல்லமிட்ட காபியைச் சிறிது சிறிதாகப் புகட்டினார். பிறகு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, நலமாக வீடு திரும்பினார்கள். அந்த மூதாட்டி சொன்ன சொல்லை மகள் இன்றும் சொல்லிச் சொல்லி வியக்கிறாள்: “ஐயா, எங்க சாமி கோடையிலதான் எல்லாரையும் கூப்பிடும். இந்தப் பனியில ஈரத்துணியோட வரச்சொல்லி சாமி கேக்கலையே!”

நேர்த்தியும் நலமும்

ஈரத்துணி, உபவாசம், வெறுங்கால் இவை மூன்றும் நம் வழிபாட்டில் மதிப்புக்குரியவை. சமவெளிக் கோயிலில், குளத்திலிருந்து சன்னிதிவரை சில நிமிடங்கள் ஈர உடையோடு செல்வதில் கேடில்லை. குளிர்ந்த மலையில் இரண்டு மணி நேரம் அப்படி நடப்பது வேறு. உடலின் வெப்பமும் ஒரு கணக்குத்தான். உணவும் உலர்ந்த உடையும் வரவு. காற்றும் ஈரமும் களைப்பும் செலவு. வரவை நிறுத்திவிட்டுச் செலவை மட்டும் பெருக்கினால் இருப்பு எத்தனை நேரம் தாங்கும்?

மாற்று வழிகளை மரபே வைத்திருக்கிறது. ஆசாரம் மிகுந்த இல்லங்களில் பட்டுக்கும் கம்பளிக்கும் மடி உண்டு என்பது வழக்கம். தங்குமிடத்தில் வெந்நீரில் நீராடி, உடலை நன்றாகத் துவட்டி, உலர்ந்த மடி வேட்டிமேல் கம்பளியைப் போர்த்திக்கொண்டால் ஆசாரத்திற்கும் குறைவில்லை; உடலுக்கும் ஊறில்லை. முழு உபவாசம் இருப்பவர்கள் அதை மலையிறங்கிய மறுநாளுக்கு மாற்றிக்கொள்ளலாம். அல்லது பாலும் பழமும் வெல்லம் சேர்த்த கடலை உருண்டையும் உட்கொண்டு பலகார விரதமாகக் கொள்ளலாம். வெறுங்காலாக நடக்க நேர்ந்துகொண்டவர்கள் கோயில் எல்லையிலிருந்து சன்னிதிவரை அதை நிறைவேற்றலாம்.

இறைவனுக்கு நாம் செய்வதையே எண்ணிப் பாருங்கள். பத்ரிநாத்தில் குளிர்காலத்திற்காக நடை சாத்தும் நாளில், மாணா கிராமத்துப் பெண்கள் நெய்து கொடுத்த கம்பளியை நெய்யில் தோய்த்துப் பெருமாளுக்குப் போர்த்துகிறார்கள். மீண்டும் நடை திறக்கும்போது அந்தக் கம்பளியே பக்தர்களுக்குப் பிரசாதமாகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் கைசிக ஏகாதசியன்று 108 போர்வைகள் சாத்தும் வைபவம் நடைபெறுகிறது. மயிலுக்குக் குளிருமே என்று தன் போர்வையை ஈந்த வள்ளல் பேகன் ஆண்டது பழனிமலை நாடு. தெய்வத்திற்கும் மயிலுக்கும் போர்வை தந்த மரபில் வந்தவர்கள், தம் உடலுக்கு ஒரு கம்பளியை மறுப்பானேன்?

நேரமும் உடையும்

மாதத்தை முடிவு செய்த பிறகு நேரத்தைப் பார்க்க வேண்டும். இரவின் குளிர் உச்சத்தை எட்டுவது நள்ளிரவில் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் கதிரவன் உதிக்கும் வேளையை ஒட்டித்தான் வெப்பநிலை மிகவும் தாழ்ந்திருக்கும். பிரம்ம முகூர்த்தத்தில் எழுந்து ஜபம் செய்யுங்கள். அறைக்குள் இருந்தபடி செய்யுங்கள். வெயில் ஏறி எட்டு மணிக்குப் புறப்பட்டால் போதும். முதியவர்கள் மலைப்பாதையில் மணிக்கு 2 கிலோமீட்டர் நடப்பதாகக் கொண்டால், ஏரிக்கரையிலிருந்து பத்தரை மணிக்குச் சன்னிதியை அடையலாம். தரிசனம் முடித்து, இறங்கும்போது வாகனத்தில் திரும்புவது நல்லது.

சேலத்திலிருந்தே நடந்து ஏற விரும்பும் திடகாத்திரர்கள் பயணத்தை ஒரே நாளில் முடிக்க எண்ண வேண்டாம். முதல் நாள் மாலை வெயில் சாயும் முன்பே ஏற்காட்டை அடைந்து தங்கி, மறுநாள் உச்சிக்குச் செல்வதே உகந்தது. இருட்டில் மலைப்பாதையில் இருக்க நேரும் எந்தத் திட்டமும் நல்ல திட்டமன்று.

உடையைப் பொறுத்தவரை, கனமான ஒன்றைவிட மெல்லிய மூன்று அடுக்குகள் மேல். உள்ளே மெல்லிய சட்டை, அதன்மேல் கம்பளி ஸ்வெட்டர், வெளியே காற்றையும் மழையையும் தடுக்கும் மேலங்கி. ஏறும்போது வியர்க்கும் முன்பே ஸ்வெட்டரைக் கழற்றிவிட வேண்டும். ஓரிடத்தில் அமர்ந்தவுடன் அணிந்துகொள்ள வேண்டும். வியர்வையில் நனைந்த பருத்தித் துணி, மழையில் நனைந்ததற்குச் சமம். ஒரு சட்டை, ஒரு வேட்டி அல்லது புடவை, இரண்டு இணை காலுறை ஆகியவற்றை நெகிழிப் பையில் சுற்றித் தனியே வையுங்கள். காதையும் கழுத்தையும் மூட மஃப்ளர், பிளாஸ்க்கில் சுக்கு காபி, ஊன்றுகோல் ஆகியவையும் தேவை. குளிரில் தாகம் தெரியாது. சிறுநீரோ அடிக்கடி பிரியும். அதற்கு அஞ்சித் தண்ணீர் குடிக்காமல் இருப்பது முதியோர் பலரிடம் காணும் வழக்கம். அது களைப்பையும் மயக்கத்தையுமே வரவழைக்கும்.

அறிகுறிகளை அறிவோம்

உடன் செல்லும் பிள்ளைகள் அறிய வேண்டியது இது. நடுக்கம், விரல்கள் மரத்துப் போதல், தடுமாற்றம், பேச்சுக் குழறல், காரணமற்ற எரிச்சல் அல்லது மௌனம் ஆகியவை குளிர் உடலுக்குள் இறங்கிவிட்டதன் அடையாளங்கள். உடலைச் சூடாக்காமலே நடுக்கம் நின்றுவிட்டால் ஆபத்து கூடியிருக்கிறது என்று பொருள். “எனக்கு ஒன்றுமில்லை” என்று பெரியவர் சொல்வதை அப்போது ஏற்கலாகாது.

உடனே காற்றுப் படாத இடத்திற்கு அழைத்துச் சென்று, ஈரத்துணியை நீக்கி, உலர்ந்த கம்பளியால் தலைமுதல் மூட வேண்டும். கைகால்களைத் தேய்க்கக் கூடாது; மார்பையும் அக்குளையும் வெதுவெதுப்பாக்குவதே முதன்மை. நன்கு நினைவோடு இருந்தால் மட்டும் இனிப்பான சூடான பானம் தரலாம். நினைவு தளர்ந்திருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

பிற மலைகள்

சேர்வராயன் மலைக்குச் சொன்னது எல்லா மலைகளுக்கும் பொருந்தும். கோவையை அடுத்த வெள்ளியங்கிரியில் ஏழு மலைகளைக் கடக்கும் யாத்திரைக்கு வனத்துறை பிப்ரவரி முதல் மே வரைதான் வழக்கமாக அனுமதி தருகிறது. அந்த மாதங்களிலும் ஏழாம் மலையில் காற்றும் குளிரும் கடுமையானவை. இரவெல்லாம் ஏறி விடியலில் உச்சியை அடைவோர், குளிர் மிகுந்த நேரத்தில் களைப்பு மிகுந்த உடலோடு நிற்கிறார்கள். இதய நோயும் மூச்சுத்திணறலும் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை அறிவுறுத்துவதை முதியோர் மதிக்க வேண்டும். பூண்டியில் அடிவாரத்திலேயே ஈசன் அருள்பாலிக்கிறான்.

இமயத்தில் பருவம் தவறிய குளிர் செய்த கொடுமையை 1996ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் நாடு கண்டது. அமர்நாத் யாத்திரையில் எதிர்பாராத மழையாலும் பனிப்பொழிவாலும் 240க்கும் மேற்பட்ட பக்தர்கள் உயிரிழந்தனர். அதை ஆராய்ந்த நிதீஷ் சென்குப்தா குழு, யாத்திரிகர் எண்ணிக்கைக்கும் உடல்தகுதிக்கும் வரம்பு வேண்டும் என்று பரிந்துரைத்தது. இன்று அங்கே மருத்துவச் சான்றிதழ் கட்டாயம். 70 வயதைக் கடந்தவர்கள் பதிவு செய்ய இயலாது. இந்த விதிகளைப் பக்திக்குப் போடும் தடையாக எண்ணி வருந்துவோர் உண்டு. அந்த 240 குடும்பங்களின் துயரத்தை எண்ணினால் வருத்தம் நீங்கிவிடும்.

ஏற்காட்டுக்குச் செல்ல நினைக்கும் அன்பர்கள் இப்போதே நாட்காட்டியை எடுத்து, சித்திரை, வைகாசி மாதங்களில் வசதியான இரண்டு நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுவரை தினமும் காலையில் அரை மணி நேரம் நடந்து கால்களைப் பழக்குங்கள். மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். பெட்டியில் அந்துருண்டையோடு கிடக்கும் ஸ்வெட்டரை எடுத்து வெயிலில் உலர்த்துங்கள். குகைக்குள் குனிந்து சேர்வராயனையும் காவேரி அம்மனையும் கண்குளிரக் கண்டு, நலமாக வீடு திரும்ப இருவரும் அருள்வார்களாக!